ரெண்டு இஞ்ச் பத்தாது: கேபினட்டுக்கு எந்த ஸ்க்ரூ?

இன்னைக்கு ஸ்க்ரூ பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க. நாலு ஸ்க்ரூவும் செங்கல்லுக்குள் வெறும் 14 மில்லிமீட்டர்தான் போயிருந்தது என்பதால், எங்க வீட்டு கிச்சன் கேபினட் ஒரு விரல் அளவு சுவரை விட்டு விலகி நின்றது. அதற்கு நேர் கீழே நின்றுதான் அம்மா தினமும் காபி போடுவாங்க.

நாங்க இருப்பது ஆவடி பக்கம் கோவில்பதாகையில், வாடகை வீடு. கேபினட்டை ரெடிமேடாக வாங்கி, ஆள் வைத்து மாட்டினோம். மாட்டினவர் போட்டது ரெண்டு இஞ்ச் கறுப்பு ஸ்க்ரூ. பார்க்க நீளமாகத்தான் இருந்தது. அம்மாதான் முதலில் கவனிச்சாங்க: "டேய், இது முன்னாடி சுவத்தோட ஒட்டித்தானடா இருந்துச்சு?"

கழற்றிப் பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்தேன். கேபினட்டின் உள்ளே, மேல் பக்கம், மாட்டுவதற்கென்றே ஒரு பிளைவுட் பட்டை இருக்கும். அது 18 மில்லிமீட்டர். அதன் பின்னால் பேக் பேனல் 6. அடுத்து சுவரின் சிமென்ட் பூச்சு, எங்க வீட்டில் 12. கூட்டுங்க, 36. ரெண்டு இஞ்ச் என்றால் 50 மில்லிமீட்டர். மிச்சம் 14. பூச்சு எடையைத் தாங்காது, உதிர்ந்துவிடும். தாங்க வேண்டியது செங்கல். அதற்குள் போனதோ சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மூணு இஞ்ச், அதாவது 75 மில்லிமீட்டர் போட்டிருந்தால் 39 உள்ளே போயிருக்கும். கூடவே, சுவரில் வைக்கிற பிளாஸ்டிக் பிளக்கின் முனையைத் தாண்டி ஸ்க்ரூ வெளியே வரணும். அப்போதான் பிளக் முழுசாக விரிந்து செங்கல்லைப் பிடிக்கும். 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10-ம் நம்பர் ஸ்க்ரூ சரியாக இருக்கும். புது அபார்ட்மென்ட்களில் இருக்கிற லேசான வெள்ளை பிளாக் சுவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குத் தனி பிளக் இருக்கு, கடையில் சுவர் என்னன்னு சொல்லிக் கேளுங்க.

இப்போ அந்தக் கறுப்பு ஸ்க்ரூ. அது ஜிப்சம் போர்டுக்கானது. ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வந்தது, விலை குறைவு, டிரில்லில் வேகமாக ஏறும், அதனால் எல்லாத்துக்கும் போட்டுடறாங்க. ஒண்ணை வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டறேன், கேளுங்க. டக். உடைஞ்சுடுச்சு. அடுத்தது வெள்ளி நிறத்தில் இருக்கிற சாதாரண மர ஸ்க்ரூ. அது வளையுது, உடையல. கேபினட் தொங்கும்போது எடை ஸ்க்ரூவின் குறுக்கே இறங்குது. வளைகிற ஸ்க்ரூ உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும். கறுப்பு ஸ்க்ரூ எதுவும் சொல்லாது.

பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் மாதிரி, வண்டிக்கு போல்ட் செய்யும் தொழிற்சாலைகள் நம்ம பக்கத்திலேயே இருக்கு. வண்டி போல்ட்டின் தலையைப் பாருங்க, 8.8 என்று பலத்தையே பொறித்திருப்பாங்க. மர ஸ்க்ரூவில் அப்படி ஒண்ணும் கிடையாது. நாமதான் பார்த்து வாங்கணும்.

அப்போ எல்லா இடத்திலும் மூணு இஞ்ச் போட்டுடலாமா? கூடாது. ரெண்டு 18 மில்லிமீட்டர் பலகையை முகத்தோடு முகம் சேர்த்தால் மொத்தமே 36. ஒன்றரை இஞ்ச் என்றாலே 38, முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும், கையைக் கிழிக்கும். அங்கே 30 போதும். ஒரு பலகையின் முகம் வழியாக இன்னொரு பலகையின் விளிம்புக்குள் போனால் மட்டும் 50 போடுங்க. 32 உள்ளே இருக்கும். பிளைவுட் விளிம்பில் பிடிப்பு குறைவு, அதனால் அந்த நீளம் தேவை.

நீளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மரை. "மரை கழண்ட கேஸ்"னு திட்டுவோமே, அதே மரைதான். சில ஸ்க்ரூவில் தலையிலிருந்து பாதி வரைக்கும் மரை இருக்காது, வழவழன்னு இருக்கும். குறையில்லை, அதுதான் வேலையே. மரை ரெண்டாவது பலகையைக் கடிக்கும், தலை முதல் பலகையை அழுத்தும், நடுவில் இடைவெளி மூடும். முழு மரை ஸ்க்ரூ ரெண்டு பலகையையும் கடித்துவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் இடைவெளி அப்படியே நிற்கும். கையில் முழு மரைதான் இருக்கா? 8-ம் நம்பர் என்றால் முதல் பலகையில் நாலரை மில்லிமீட்டர் ஓட்டை போடுங்க, ஸ்க்ரூ சும்மா நுழையணும். ரெண்டாவது பலகையில் 3 மில்லிமீட்டர். ஓட்டை போடாமல் விளிம்பில் ஏற்றினால் பிளைவுட்டின் அடுக்கு பிரியும்.

எங்களுக்குத் திரும்ப மாட்டிக் கொடுத்த கார்பென்டர் அண்ணன் ஸ்க்ரூவைத் துணி சோப்பில் ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் ஏற்றினார். "தேக்குல சோப்பு இல்லாம ஸ்டீல் ஸ்க்ரூ போட்டா தலை முறிஞ்சிடும் தம்பி" என்றார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது, ஆனால் மெதுவான உலோகம். கிச்சன் சிங்க் பக்கம் அதையே போடுங்க, ஓட்டையும் சோப்பும் மறக்காம.

வீடு மாறுகிறவங்களுக்கு ஒண்ணு. பார்ட்டிகிள் போர்டு அலமாரியைக் கழற்றி மறுபடி மாட்டும்போது, ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்து முதலில் இடது பக்கமாகத் திருப்புங்க. ஒரு இடத்தில் லேசாக 'டொக்'னு இறங்கும். பழைய மரை அங்கேதான் இருக்கு. அங்கிருந்து கையாலேயே முறுக்குங்க, டிரில் வேண்டாம். இல்லாட்டி புது மரை வெட்டி, தூளாகிப் போகும். பிளைவுட் ஓட்டை லூஸானால் தீக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு மாட்டலாம்.

எங்க கேபினட் இப்போ அசையாமல் நிற்குது. பித்தளை அண்டாவை மட்டும் அம்மா இன்னும் கீழேதான் வெச்சிருக்காங்க.