கைப்பூட்டுக் குடமும் எரிபொருள் மிச்சமும்

வண்டித் தச்சர், உருளியின் நடுக்கட்டையைக் குடம் என்பர். குடத்திலிருந்து விரியும் கால்களை ஆரக்கால் என்பர். அவற்றைச் சூழும் வளைமரத்தை வட்டை என்பர். குடத்தைத் துளைத்து நிற்கும் தண்டை இருசு என்றும், குடம் கழன்றோடாதபடி இருசின் முனையில் செருகும் முளையைக் கடையாணி என்றும் வழங்குவர். மாட்டு வண்டியில் இருசு அசையாது. குடம் மட்டுமே அதன்மேல் சுழலும். பொறியால் ஓடும் ஊர்தியிலோ முறை தலைகீழ்: தண்டு சுழன்று தன்னோடு பிணைந்த குடத்தைச் சுழற்ற, குடம் உருளியை உருட்டும். இவ்விரு முறைகளையும் ஒரே குடத்துள் அடக்கி, வேண்டும்போது தண்டோடு பிணைந்தும் வேண்டாதபோது தண்டை விட்டு விலகியும் சுழலுமாறு கையால் திருப்பி அமைக்கத்தக்க உறுப்பு ஒன்று உண்டு. ஓட்டுநர் வழக்கில் அது ‘மேனுவல் லாக்கிங் ஹப்’. இக்கட்டுரையில் கைப்பூட்டுக் குடம். சொல்லைத் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. தச்சுப் பட்டறையிலேயே கிடந்தது.

இக்குடத்தை விடுநிலையில் வைத்து ஓட்டினால் எரிபொருள் மிஞ்சுமா என்பதே வினா. விடை காணுமுன் ஆற்றல் செல்லும் வழியை வரையறுத்துக்கொள்ள வேண்டும். நாலுருளி இயக்கம் இருவகைப்படும். நான்கு உருளிகளுக்கும் ஓயாது ஆற்றல் செல்வது எப்பொழுதும் இயக்கம். இயல்பாகப் பின்னுருளிகள் மட்டுமே உந்த, சேற்றிலும் மணலிலும் மட்டும் முன்னுருளிகளையும் துணைக்கழைப்பது வேண்டுபொழுது இயக்கம். பின்னதில், பொறியின் ஆற்றல், அதை முன்னுக்கும் பின்னுக்கும் பகிரும் பகிர்பெட்டியை அடைந்து, அங்கிருந்து முன் உந்துதண்டு, இருபக்க உருளிகளும் வெவ்வேறு விரைவில் சுழல இடந்தரும் முன் வேறுபாட்டுப் பல்லிணை, இடவல அரைத்தண்டுகள், குடங்கள் என்னும் வரிசையில் முன்னுருளியைச் சேரும். பகிர்பெட்டியில் முன்வழியை அடைத்துவிட்டால் ஆற்றல் செல்வது நிற்கும். ஆனால் சுழற்சி நிற்காது. சாலை உருளியை உருட்டுகிறது. உருளி அரைத்தண்டைச் சுழற்றுகிறது. அரைத்தண்டு பல்லிணைகளையும், அவை உந்துதண்டையும் சுழற்றுகின்றன. உந்தவேண்டிய உறுப்புகள் உந்தப்படும் உறுப்புகளாகி, ஒரு பயனுமின்றி ஊர்தியோடு ஓடிவருகின்றன. அவற்றை ஓட்டும் கூலியைப் பொறிதான் தருகிறது.

இவ்வீண் சுழற்சியை எங்கே அறுக்கிறோம் என்பதைக் கொண்டு ஊர்திகளை மூன்றாகப் பகுக்கலாம். எங்கும் அறுக்காதவை முதல் வகை. அவற்றில் அனைத்தும் சுழலும். ஓர் அரைத்தண்டின் இடையில் அறுப்பவை இரண்டாம் வகை. டொயோட்டா டகோமா இத்தகையது. இதில் அரைத்தண்டுகளும் வேறுபாட்டுப் பல்லிணையின் உட்சிறு பற்களும் சுழன்றுகொண்டிருக்க, பெரும்பல்லிணையும் உந்துதண்டும் ஓய்வு கொள்ளும். குடத்திலேயே அறுப்பவை மூன்றாம் வகை. இவற்றில் உருளியைத் தவிர எதுவும் சுழலாது. சுசுகி ஜிம்னியில் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே வெற்றிட இழுப்பு குடத்தைப் பூட்டிவிடும். கைப்பூட்டுக் குடத்துக்கோ, இறங்கிச் சேற்றில் கால்வைத்துக் குனியவேண்டும். வெற்றிடக் குழாயில் ஓட்டை விழுமே என்ற கவலை இல்லாததால் எனக்கு இப்பின்னதே உகந்தது.

கைப்பூட்டுக் குடத்தின் பிறப்பும் எரிபொருளோடும் சாலையோடும் பிணைந்ததே. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவற்றின் முன்குடங்கள் அரைத்தண்டோடு நிலையாகப் பிணைக்கப்பட்டவை. போர்க்களத்தில் எரிபொருள் மிச்சத்தை யார் எண்ணினார்? போர் முடிந்து, மிஞ்சிய ஜீப்புகள் உழவர் கைக்கும் ஊர்ச்சாலைக்கும் வந்தபோதுதான் முன்னிருசின் வீண் சுழற்சி சுமையாகத் தோன்றியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1948ஆம் ஆண்டு ஆர்தர் வார்ன் என்பவர் அந்த ஜீப்புகளுக்கென்றே பூட்டவும் விடவும் தக்க குடங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான்.

இக்குடத்தின் அமைப்பு மிக எளிது. குடத்தின் புறத்தே உள்ளங்கையில் அடங்கும் திருகுவட்டு ஒன்று. அதில் விடுநிலை, பூட்டுநிலை என இரு குறிகள். உள்ளே, அரைத்தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள். குடத்தின் உட்சுவரில் அவற்றை நோக்கிய பற்கள். இவ்விரண்டையும் கவ்வ இடையே நகரும் பல்வளையம் ஒன்று. திருகுவட்டைத் திருப்பினால் வளையம் உள்நகர்ந்து இரண்டையும் பிணைக்கும். பற்கள் நேர்ப்படாவிட்டால் சுருள்வில் காத்திருந்து, உருளி ஓரங்குலம் உருண்டதும் ‘டக்’கென்று உள்ளே தள்ளும். பழைய ஜீப் வைத்திருப்பவர் அவ்வோசைக்குக் காத்து நிற்பார்.

வீண் சுழற்சி பற்றி ஐயமுள்ளவர் தம் ஊர்தியின் முன்னுருளி ஒன்றை ஜாக்கியால் தூக்கி, மற்ற உருளிகளுக்கு முட்டுக்கொடுத்து, பகிர்பெட்டியை ஈருருளி இயக்கத்தில் வைத்துக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். இரு குடங்களும் பூட்டியிருந்தால், உருளி கெட்டியாகவும் மந்தமாகவும் சுழலும். கீழே குனிந்து நோக்கினால், உருளியின் ஒரு சுற்றுக்கு முன் உந்துதண்டு ஏறத்தாழ இரண்டு சுற்றுச் சுற்றும். பல்லிணை விகிதம் நான்காக இருக்க, மறு உருளி தரையில் நிற்பதால் வேறுபாட்டுப் பல்லிணை அதைப் பாதியாக்குகிறது. திருகுவட்டை விடுநிலைக்குத் திருப்பி மீண்டும் சுழற்றினால், கைவிட்ட பின்னும் உருளி தானே சுற்றும். உந்துதண்டு கிடந்தபடியே கிடக்கும். அந்நேரத்தில் அது மாட்டு வண்டியின் உருளி. இருசு சும்மா நிற்க, குடம் மட்டும் ஓடுகிறது.

கையில் தட்டுப்பட்ட அந்த மந்தம் எதனால்? சுழலும் உறுப்புகளின் எடையால் என்று பலர் கருதுகின்றனர். கணக்கு அதை மறுக்கிறது. எட்டுக் கிலோ எடையும் மூன்று செண்டிமீட்டர் ஆரமும் உள்ள உந்துதண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் கொள்ளும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 200 ஜூல். 2,000 கிலோ ஊர்தி அதே விரைவில் கொள்வதோ ஏறத்தாழ 4,94,000 ஜூல். இரண்டாயிரத்தைந்நூறில் ஒரு பங்கு! அதுவும் விரைவு கூடும்போது மட்டுமே தரவேண்டியது. ஒரே விரைவில் ஓடுகையில் சுழலும் எடை எதையும் கேட்பதில்லை. கேட்பவை வேறு: முன்னழுத்தத்தோடு இறுக்கிய உருள்தாங்கிகள், தண்டைக் கவ்விய ஆயில் சீல்கள், ஒன்றோடொன்று உரசும் பற்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லிணைப் பெட்டியிலுள்ள கெட்டி எண்ணெய். பெரும்பல்லிணை அவ்வெண்ணெயை ஓயாது கடைகிறது. மோர் கடைந்தால் வெண்ணெய் திரளும். இங்கே திரள்வது வெப்பம் மட்டுமே. குளிர்ந்த காலையில் எண்ணெய் இன்னும் கெட்டியாதலால் கடைசல் இழப்பும் கூடும்.

இவ்விழப்பு எவ்வளவு? உந்துதண்டின் பக்கம் இரண்டு நியூட்டன்-மீட்டர் முறுக்கம் உராய்வில் செலவாவதாகக் கொள்வோம். நான்கு மடங்கு பல்லிணை வழியே அது உருளியில் எட்டாகி, 38 செண்டிமீட்டர் ஆரமுள்ள உருளியின் விளிம்பில் 21 நியூட்டன் தடையாக நிற்கும். பெட்டி வடிவினதாகிய 2,000 கிலோ ஊர்தி 80 கிலோமீட்டர் விரைவில் எதிர்கொள்ளும் உருளல் தடை ஏறத்தாழ 235 நியூட்டன். காற்றுத்தடை ஏறத்தாழ 370. ஆகவே நம் குடம் அறுக்கும் தடை, மொத்தத்தில் மூன்றரை விழுக்காடு. பொறி தன் உள்ளுராய்வுக்கும் எரிபொருளைச் செலவிடுவதால், எரிபொருளில் தெரியும் மிச்சம் இன்னும் சுருங்கி இரண்டு, மூன்று விழுக்காடாகும். நூறு லிட்டருக்கு இரண்டோ மூன்றோ லிட்டர். மிச்சம் உண்டு என்பாரும் உண்மை உரைக்கின்றனர். கண்ணுக்குத் தெரியவில்லை என்பாரும் உண்மையே உரைக்கின்றனர்.

இதனோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. காற்றுத்தடை விரைவின் இருமடியாகப் பெருகுவது. அதே ஊர்தியை 80இலிருந்து 100க்கு விரட்டினால் காற்றுத்தடை மட்டும் 210 நியூட்டன் கூடுகிறது. இரு குடங்களும் சேர்ந்து மிச்சப்படுத்தியதைப் போல் பத்து மடங்கு. இறங்கிக் குனிந்து திருகியவரின் உழைப்பை வலக்கால் ஒரே அழுத்தில் கரைத்துவிடும்.

எரிபொருள் நிரப்பும் கணக்கைக் கொண்டு இதை அளக்க முற்படுவோர் ஏமாறுவர். எதிர்க்காற்று, நெரிசல், தொட்டியை எவ்வளவு நிரப்பினோம் என்பன போன்றவை மூன்று விழுக்காட்டை எளிதில் விழுங்கும். விலகோட்ட ஆய்வு ஒன்றே ஏற்றது: சமதளச் சாலையில் பொறியைப் பல்லிணையிலிருந்து விடுவித்து, 80இலிருந்து 60க்கு விரைவு தானே குறைய எத்தனை நொடி ஆகிறது என அளப்பது. மேற்கண்ட கணக்குப்படி குடம் விட்டிருந்தால் 21 நொடிக்குச் சற்று மேல். பூட்டியிருந்தால் அதைவிடக் குறைவு; ஆனால் வேறுபாடு ஒரு நொடிகூட இராது. ஆதலால் இருதிசையிலும் பலமுறை ஓட்டிச் சராசரி காண்பதன்றி வேறு வழியில்லை.

எப்பொழுதும் இயக்க ஊர்தியில் இக்குடத்தைப் பொருத்தினால் மட்டும் மிச்சம் வந்துவிடாது. அங்கே நடு வேறுபாட்டுப் பல்லிணை ஒன்று உண்டு. முன்குடங்களை விடுநிலையில் வைத்தால், எதிர்ப்பில்லாத முன்தண்டே சுழல, ஊர்தி நின்ற இடத்தில் நிற்கும். ஆத்திரேலியாவில் லேண்ட் குரூசர் 80 வரிசை ஊர்திகளை வேண்டுபொழுது இயக்கத்துக்கு மாற்ற விற்கும் உறுப்புத் தொகுதிகள், அந்நடுப்பல்லிணையையும் கட்டிப்போட்ட பின்னரே குடத்தைத் தருகின்றன. ஒருபக்கக் குடத்தை மட்டும் பூட்டி மறுபக்கத்தை மறந்தாலும் இதே கதை: நாலுருளியில் போட்டாலும் முன்பக்கம் இழுக்காது. சேற்றில் புதைந்து நிற்கையில்தான் அது நினைவுக்கு வரும்.

எரிபொருளைவிடப் பெரிதாக நான் மதிப்பது தேய்மானத்தை. ஆண்டு முழுதும் சும்மா சுழன்று தேயவேண்டிய தாங்கிகளும் இணைப்புகளும் ஓய்வு பெறுகின்றன; இரைச்சலும் குறைகிறது. ஆனால் நெடுநாள் ஓய்வும் அவற்றுக்கு ஆகாது. எண்ணெய் அடியில் தேங்கி, மேற்பற்கள் உலர்ந்து, ஆயில் சீல்கள் விறைக்கும். ஆகையால் திங்களுக்கொரு முறை இரு குடங்களையும் பூட்டி, பகிர்பெட்டியை ஈருருளியிலேயே வைத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவர வேண்டும். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் தரும் ஊர்தியில் அதற்கு மிகையாகச் செலவாகும் எரிபொருள், தேநீர்க் குவளையில் பாதிக்குமேல் வராது.