நின்ற படமும் ஓடும் படமும்

கைத்தொலைபேசியைக் கையிலெடுத்து அதன் கமராவைத் திறப்பவனை அக்கருவி முதலிலே ஒரு கேள்வி கேட்கின்றது. நிழற்படமா, சலனப்படமா என்பதே அக்கேள்வி. வாயாற் கேட்பதில்லை. திரையின் அடியில் இரண்டு சொற்களை எழுதி வைத்து, ஒன்றிலே தான் நின்றுகொண்டு, மற்றையதற்குப் போகவேண்டுமானால் விரலாலே தள்ளு என்று காத்திருக்கின்றது. சாவகாசமாக ஒரு பூவையோ அந்திவானத்தையோ படம் பிடிப்பவனுக்கு இஃதொரு பொருட்டன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே, ஆனி மாதத் திருவிழாவில், தேர் அசைகின்ற கணத்தில், நெருக்குகின்ற சனத்தின் நடுவே கையை உயர்த்திப் பிடித்து நிற்பவனுக்கு அது பெரும் பொருட்டாகும். விரலாலே தள்ளிக் கருவி தன்னை மாற்றிக்கொண்டு சிவந்த பொத்தானைக் காட்டுவதற்குள் தேர் தன் முதல் உருளலை உருண்டுவிடும். அரோகரா என்று எழுந்த முதற் குரலும் காற்றோடு போய்விடும்.

இவ்விரண்டையும் ஒரே பொத்தானுக்குள் அடக்கிவிட இயலாதா என்னும் வினாவுக்குக் கைத்தொலைபேசி செய்வோர் பத்தாண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகின்றனர். இது பொறியியலாளரின் விளையாட்டு, நமக்கென்ன என்று ஒதுக்குவாரும் உளர். தீவகத்தார் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை.

ஊர்காவற்றுறைத் தீவிலுள்ள சுருவிலைப் போன்ற ஒரு சிற்றூரை எண்ணிப் பாருங்கள். 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போரின் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக வீடுவாசல்களைவிட்டு அகன்றனர். மீண்டு வந்தோர் சிலர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தங்கிவிட்டோர் பலர். ரொறன்ரோ என்றும் இலண்டன் என்றும் பாரிஸ் என்றும் கடல் கடந்தோர் பலர். உயிருக்கு அஞ்சி ஓடுகின்றவன் பொதியிலே அரிசியை வைப்பானேயன்றி அல்பத்தை வைக்கமாட்டான். சுவரிலே தொங்கிய படங்கள் சுவரோடு போயின. பெட்டியிற் கிடந்தவை பெட்டியோடு போயின. தம் பாட்டனாரின் முகம் எப்படியிருந்தது என்று காட்டுவதற்கு ஒரு துண்டுப் படந்தானும் இல்லாத குடும்பங்கள் எத்தனையோ.

இன்று ஊரிலே எஞ்சியிருக்கும் முதியவர்களைக் காண, பிறநாட்டிற் பிறந்த பேரப்பிள்ளைகள் விடுமுறையில் வருகின்றனர். ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை நிற்பர். அந்தச் சில நாட்களுக்குள் அவர்களுடைய கருவி எதை அள்ளிச் செல்கின்றதோ அதுவே பின்வருவோர்க்கு ஊராகின்றது. ஆகவே அக்கருவி எவ்வாறு அள்ளுகின்றது என்பதைச் சற்று ஆராய்தல் தகும்.

நின்ற படமும் ஓடும் படமும் வேறு வேறு குடியிற் பிறந்தவையல்ல. 1878 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தைவிட்டு எழுகின்றனவா என்ற வழக்கைத் தீர்ப்பதற்காக, எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையின் ஓரத்தில் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தினார். குதிரை ஓடும்போது பாதையின் குறுக்கே கட்டியிருந்த நூல்கள் ஒவ்வொன்றாக அறுபட, கமராக்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. எழுகின்றன என்பதே விடை. நெடுந்தீவிலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தின் எச்சமாக இன்றும் கட்டின்றித் திரிகின்ற குதிரைகளை, வெட்டவெளியிலே அவை கூட்டமாக ஓடும்போது கண்டவர்களுக்கு, இந்த வழக்கு ஏன் அக்காலத்தில் அத்தனை சூடாக நடந்தது என்பது விளங்கும். எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்கு அகப்படாத செய்தி அது. 1882 இல் பிரான்சிலே மாரே என்னும் உடலியல் அறிஞர் துப்பாக்கி வடிவிலே ஒரு கமராவைச் செய்து, பறவையைக் குறிவைத்து, ஒரு விநாடிக்கு 12 படங்களைச் சுட்டார். 1895 டிசம்பர் 28 ஆந் திகதி பாரிஸ் நகரிலே லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்குச் சலனப்படம் காட்டினர். ஆக, ஓடும் படம் என்பது நின்ற படங்களின் வரிசையே. தாயும் மகளும் பின்னரே தனிக்குடித்தனம் போயினர்.

அந்தத் தனிக்குடித்தனத்தின் அலங்கோலத்தை நம்மூர்க் கலியாண வீடுகளிற் கண்டிருக்கின்றோம். படக்காரர் ஒருவர், வீடியோக்காரர் ஒருவர். இருவருக்கும் தனித்தனி விளக்கு. தாலி கட்டும் முகூர்த்தத்தில் இருவரும் முன்னே பாய்வர். வந்திருந்த சபையோர் கண்டதெல்லாம் இருவருடைய முதுகுகளையே. இன்று அவ்விருவரும் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டனர். அடங்கினாலும் அவர்களுடைய பிணக்குத் தீரவில்லை.

ஏன் தீரவில்லை? ஒரே கண்ணாடி, ஒரே ஒளியுணரித் தகடு என்றாலும், இரண்டு தொழில்களுக்கும் வேண்டுவன ஒன்றுக்கொன்று மாறானவை. நிழற்படம் எடுக்கும்போது இக்காலக் கைத்தொலைபேசி ஒரு படத்தை எடுப்பதில்லை; பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, இருண்ட இடத்தை ஒன்றிலிருந்தும் வெளுத்த இடத்தை வேறொன்றிலிருந்தும் கூட்டிச் சமைத்து ஒன்றாகத் தருகின்றது. அதற்குச் சிறிது ஆற அமர நேரம் வேண்டும். சலனப்படத்துக்கோ ஒரு விநாடிக்கு 30 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு விநாடியின் முப்பதிலொரு பங்குக்குள் முடிந்தாகவேண்டும். சமையலுக்கு நேரமில்லை, கிடைத்ததை அப்படியே பரிமாறவேண்டியதுதான். அளவிலும் வேறுபாடுண்டு. 12 மெகாபிக்சல் நிழற்படம் ஒன்றிலே 120 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 1920க்கு 1080 என்னும் அளவான சலனப்படத்தின் தனிப்படம் ஒன்றிலே இருப்பவை 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகளே. 4கே எனப்படும் உயர்ந்த தரத்திலும் ஏறத்தாழ 83 இலட்சந்தான். நிழற்படத்தின் சட்டம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று. சலனப்படத்தினது பதினாறுக்கு ஒன்பது. மேலும், கை நடுங்கினாலும் காட்சி நடுங்காதிருக்கச் சலனப்படத்தின் ஓரங்களைக் கருவி வெட்டிக்கொள்கின்றது.

இவற்றினும் நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. வலை வீசுபவனை எடுத்துக்கொள்வோம். நின்ற படத்திலே வலை விரிந்து வானத்திற் பூத்து நிற்கவேண்டுமானால் கமராவின் கண் ஐந்நூறிலொரு விநாடியோ அதனினும் குறைவாகவோ திறந்து மூடவேண்டும். ஓடும் படத்திலே அவ்வளவு கூர்மை இருந்தாற் காட்சி வெட்டி வெட்டித் துள்ளும். அறுபதிலொரு விநாடி அளவு திறந்திருந்து, ஒவ்வொரு படமும் சற்றே கலங்கியிருந்தாற்றான் ஓட்டம் வழுவழுப்பாகத் தோன்றும். ஒன்றுக்குக் குணமாயது மற்றையதற்குக் குற்றமாகின்றது. ஆதலால் வீடியோவை எடுத்துப் பின்னர் அதிலிருந்து ஒரு படத்தை வெட்டிக்கொண்டாற் போயிற்று என்பவர் கூற்று முழுதும் பொருந்தாது. வெட்டலாம். வலை மட்டும் மங்கலாகவே இருக்கும்.

இரண்டையும் இணைப்பதற்குப் பல வழிகள் காணப்பட்டன. பொத்தானைத் தொட்டால் நிழற்படம், அழுத்திப் பிடித்தாற் சலனப்படம் என்பது ஒரு வழி. இதனை 2012 இன் இறுதியில் ஸ்னப்சற் என்னும் செயலி இளைஞரிடையே பரப்பியது. 2019 இல் ஐபோன் 11 உடன் அப்பிள் நிறுவனமும் இதனைத் தன் கமராவிற் சேர்த்தது. அழுத்திய விரலை வலப்புறமாக இழுத்துவிட்டால், பிடித்துக்கொண்டிராமலே ஓட்டம் தொடரும். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பொத்தானைத் தொட்டு நிழற்படமும் எடுக்கும் வசதி 2012 இல் ஐபோன் 5 இல் வந்துவிட்டது. 2020 இல் சாம்சுங் நிறுவனம், சுமார் 10 விநாடி கருவியைப் பிடித்திருந்தாற் போதும், தானே படங்களும் சலனத்துண்டுகளும் பொறுக்கித் தரும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. கருவி பொறுக்கித் தருவது எனக்கு உவப்பானதன்று. பாட்டியின் சுருங்கிய கையைவிடப் பேத்தியின் சிரித்த முகமே சிறந்ததென்று அது தீர்த்துவிடும். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடும் இல்லை. இன்னொன்று: இணைப்பதுதான் முன்னேற்றம் என்று எல்லாரும் கொள்ளவில்லை. 2023 இல் கூகிள் நிறுவனம் தன் பிக்சல் 8 கமராவிலே நிழற்படத்தையும் சலனப்படத்தையும் முன்னையினும் தெளிவாகப் பிரித்து, இரண்டுக்கும் இடையே ஓர் ஆளியை வைத்தது.

நான் சிறப்பாகக் கூற விரும்பும் வழி வேறு. 2013 இல் எச்.ரி.சி. நிறுவனம் ஒரே அழுத்தில் ஏறத்தாழ 3 விநாடிச் சலனப்படத்தையும் 20 நிழற்படங்களையும் எடுக்கும் கருவியைத் தந்தது. 2015 இல் அப்பிளின் ‘லைவ் போட்டோ’ வந்தது. சாம்சுங்கும் கூகிளும் அடுத்த இரண்டாண்டுகளில் அதே வழியிற் சென்றன. அப்பிளின் முறையில், பொத்தானைத் தொட்டதும் ஒரு நல்ல நிழற்படம் கிடைக்கின்றது. அதனோடு, தொடுவதற்கு முன் ஒன்றரை விநாடியும், தொட்ட பின் ஒன்றரை விநாடியும் அசைவும் ஒலியுமாகக் கூடவே வருகின்றன. தொடுவதற்கு முன் நடந்ததைக் கருவி எங்ஙனம் அறியும்? சூட்சுமம் எளிது. கமரா திறந்திருக்கும் நேரமெல்லாம் கருவி பார்த்துக்கொண்டேயிருக்கின்றது. கடைசிச் சில விநாடிகளை மட்டும் நினைவில் வைத்துப் பழையதை அழித்துக்கொண்டே வருகின்றது. நாம் தொடும்போது அழிப்பதை நிறுத்திக் கையிலிருப்பதைத் தந்துவிடுகின்றது.

இம்மூன்று விநாடிகளின் அருமையை நம் முதியவர்களைப் படம் பிடித்தவரே அறிவர். கமராவைக் கண்டதும் நமது ஊர்க் கிழவி விறைத்து நிற்பாள். சேலைத் தலைப்பை இழுத்துவிடுவாள், வாயை மூடுவாள், அரச விசாரணைக்கு நிற்பவளைப்போல நேரே நோக்குவாள். நிழற்படத்திலே கிடைப்பது அந்த விறைப்பு. அதற்கு ஒன்றரை விநாடி முன்னே, தலைப்பை இழுத்துவிடும்போது அவள் முகத்தில் இருந்த நாணமும், ஒன்றரை விநாடி பின்னே, “எடுத்துப்போட்டியோ மோனை?” என்று அவள் கேட்கும் குரலுமே அவள். அந்த இழுவையிலே அவளுடைய ஊர் இருக்கின்றது. மொழியியல் கற்கும் மாணவர்க்கு இதற்குமேற் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் இடர் இருக்கின்றது. இப்படத்தைக் கருவி எவ்வாறு சேமிக்கின்றது? அப்பிளின் முறையில் நிழற்படம் ஒரு கோப்பு, மூன்று விநாடிச் சலனம் இன்னொரு கோப்பு. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றையொன்று அடையாளங்கண்டு கிடக்கின்றன. கூகிள், சாம்சுங் முறைகளிலே நிழற்படக் கோப்பின் வாலிலே சலனப்படம் ஒட்டப்பட்டிருக்கின்றது. வாலை அறியாத செயலி படத்தைக் காட்டும்; வாலைக் காட்டாது. செய்தி அனுப்பும் செயலிகள் பல, படத்தைச் சுருக்கி அனுப்பும்போது வாலை வெட்டிவிட்டே அனுப்பிப் பழகியவை. பேரன் சுருவிலிலிருந்து ரொறன்ரோவிலுள்ள தாய்க்குப் படத்தை அனுப்புகின்றான் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்குப் போய்ச் சேர்வது விறைத்து நிற்கும் கிழவி. குரல் பேரனுடைய கருவியிலே தங்கிவிடுகின்றது. இரண்டாண்டில் அவன் வேறு கருவி வாங்குகின்றான்; இடம் போதாதென்று பழைய படங்களை அழிக்கின்றான்; அம்மாவிடந்தான் இருக்கின்றதே என்று எண்ணிக்கொள்கின்றான். தாயோ மகனிடம் மூலம் இருக்கின்றதென்று எண்ணியிருப்பாள். அக்குரல் அழிந்ததென்பது இருவருக்குமே தெரியாது. தெரிந்து இழப்பது ஒரு வகை. இருக்கின்றதென்று நம்பிக்கொண்டே இழப்பது அதனினும் கொடிது.

இதனைத் தடுப்பது கடினமன்று. அனுப்புவதற்கு முன் படத்தைத் திறந்து, அதன் பட்டியலிலே வீடியோவாகச் சேமிக்கும் கட்டளையைத் தேடினால், மூன்று விநாடியும் தனி வீடியோவாகப் பிரிந்து நிற்கும். பின்னர் இரண்டையும் அனுப்பலாம். சுருக்காமல் அனுப்ப வேண்டுமாயிற் கோப்பாக இணைத்து அனுப்புதல் நன்று. நீண்ட பேச்சாயின் இந்த மூன்று விநாடி போதாது; பனங்கள் இறக்குகின்றவர் மரமேறுவதையும், பழைய பெயரால் வயல்களையும் குளங்களையும் ஒருவர் அடுக்கிச் சொல்வதையும் முழுநீள வீடியோவாகவே எடுக்கவேண்டும். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளுக்கு நிழற்படமே போதும். அவை அசையப் போவதில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதன் பின் வந்த தலைமுறையார் 2005 இல் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி, நூல்களோடு நிழற்படங்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்த்து வருகின்றனர். இத்தகைய சேமிப்பகத்துக்குப் படம் கொடுக்க முனையும் குடும்பத்தார், நிழற்படத்தையும் அதிலிருந்து பிரித்த வீடியோவையும் ஒரே பெயரால் அழைத்து, படத்திலிருப்பவர் பெயர், தந்தை பெயர், எடுத்த இடம், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தல் வேண்டும். கருவி தானாகவே எழுதிவைக்கும் திகதியையும் இடத்தையும் மட்டும் நம்புவதற்கில்லை; சுருக்கி அனுப்பும்போது குரலோடு சேர்ந்து அவையும் உதிர்ந்துவிடுவதுண்டு.