பேக்கப்பின் சாவி யாரிடம் இருக்கிறது?

2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் கிளவுட் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகள் அடிபட்டன. சேவை மீண்டும் எழுந்தது. ஆனால் மே 17 முதல் தாக்குதல் நாள்வரை வந்த அஞ்சல்கள் போனது போனதுதான். ஆன்லைனில் இருந்த பேக்கப்பையும் அந்த ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்கள் முடங்கின. அங்கே பாதிக்கப்படாத பேக்கப் சர்வர் ஒன்று மிஞ்சியிருந்ததால் நோயாளிகளின் பதிவுகளை மீட்க முடிந்தது.

பேக்கப் எடுக்கிறீர்களா என்று எல்லா ஆடிட்டிலும் கேட்கிறார்கள். அதை யார் யார் தொட முடியும் என்று கேட்பவர் குறைவு.

பேக்கப் மென்பொருளின் இயல்பே ஆபத்தானது. எல்லா ஃபைலையும் படித்தால்தான் அதற்கு வேலை நடக்கும். அதனால் பெரும்பாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடுகிறது. மற்ற சர்வர்களின் கடவுச்சொற்களும் அதனிடமே இருக்கும். 2023 மார்ச்சில் வீம் நிறுவனம் தன் பேக்கப் மென்பொருளில் அடைத்த ஓட்டை இப்படிப்பட்டதுதான்: லாகின் செய்யாத ஒருவரே அதில் சேமித்திருந்த கடவுச்சொற்களை உருவ முடிந்தது. 2024 செப்டம்பரில் அதே மென்பொருளில் இன்னொரு ஓட்டை வெளிவந்தது. ஆபத்து மதிப்பு 10க்கு 9.8. அகிரா, ஃபாக் ரான்சம்வேர் கும்பல்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டன.

லினக்ஸில் பேக்கப் நடத்துவோருக்கு இதற்கு ஒரு தடுப்பு கையிலேயே இருக்கிறது, காசில்லாமல். வழக்கமான பெர்மிஷன் முறையில் ஃபைலின் சொந்தக்காரர் வைத்ததுதான் சட்டம், ரூட்டுக்கோ எந்தச் சட்டமும் இல்லை. அந்தத் தடுப்பான கட்டாய அணுகல் கட்டுப்பாட்டில் விதி கெர்னலிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு புரோகிராம் ரூட்டாகவே ஓடினாலும் தனக்கு எழுதிவைத்த எல்லையைத் தாண்ட முடியாது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்ஈலினக்ஸ் இந்த வகை; ரெட்ஹாட் குடும்பத்தில் அதுவே இயல்பாக இயங்குகிறது. உபுண்டுவில் அந்த இடத்தில் ஆப்ஆர்மர்.

பாக்குலா என்ற இலவச பேக்கப் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். எஸ்ஈலினக்ஸ் விதித்தொகுப்பு அதன் சர்வீஸுக்கு ஒரு முத்திரை (லேபிள்), அட்மின் கட்டளை கொடுக்கும் பிகன்சோலுக்குத் தனி முத்திரை, பேக்கப் கிடக்கும் இடத்துக்கு இன்னொரு முத்திரை என்று பிரித்துவைக்கிறது. அதே மெஷினில் ஓடும் வெப் சர்வரை ஒருவன் கைப்பற்றினாலும், அங்கிருந்து பேக்கப் ஃபைல்களை அழிக்க இந்த முத்திரை விடாது.

நடைமுறையில் என்ன ஆகிறது? டிஸ்க் நிரம்புகிறது. புது டிஸ்கை வேறொரு ஃபோல்டரில் மவுண்ட் செய்கிறார்கள். இரவு பேக்கப் 'பெர்மிஷன் டினைடு' என்று நிற்கிறது. 777 கொடுத்தாலும் நகரவில்லை. யாரோ ஒருவர் செட்என்ஃபோர்ஸ் 0 என்று தட்டி எஸ்ஈலினக்ஸின் தடுப்பை நிறுத்துகிறார்; பேக்கப் ஓடுகிறது. கையோடு கான்ஃபிக் ஃபைலிலும் எஸ்ஈலினக்ஸை 'டிஸ்ஏபிள்டு' ஆக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ஒரு ஃபோல்டரின் முத்திரை சரியில்லை என்பதற்காக மெஷின் முழுவதும் காவல் போயிற்று!

செய்ய வேண்டியது இரண்டே கட்டளை. செமானேஜ் கொண்டு அந்த ஃபோல்டருக்கு பேக்கப் முத்திரையைப் பதிய வேண்டும். ரெஸ்டோர்கான் ஓட்டி அதை ஃபைல்களுக்குப் பூச வேண்டும். காரணம் பிடிபடவில்லையென்றால் ஆடிட் லாகில் எது மறுக்கப்பட்டது என்று பார்க்கலாம். அவசரமென்றால் பாக்குலாவை மட்டும் தற்காலிகமாக பெர்மிஸிவில், அதாவது தடுக்காமல் லாகில் மட்டும் பதியும் நிலையில், விடலாம். லாகில் வந்த மறுப்பை எல்லாம் ஆடிட்டுஅலோவில் கொட்டி அப்படியே அனுமதியாக்குவது மட்டும் கூடாது. அது கதவைக் கழற்றிவைப்பதற்குச் சமம்.

இதற்கும் எல்லை உண்டு. வழக்கமான அமைப்பில் ரூட்டாக லாகின் செய்யும் மனிதரை எஸ்ஈலினக்ஸ் கட்டுப்படுத்துவதில்லை. ரூட் கடவுச்சொல்லே திருடுபோனால் விதிகளையும் அணைத்துவிடலாம். ஆகவே நெட்வொர்க்கில் இல்லாத ஒரு பிரதி தனியே இருந்தே தீர வேண்டும்.

அலட்சியத்துக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் நோயாளியோ வாடிக்கையாளரோதான். இந்தியாவில் மருத்துவ, வங்கி விவரங்களை ஒரு நிறுவனம் போதிய பாதுகாப்பின்றி வைத்திருந்து நட்டம் நேர்ந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கோரலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலரே விசாரிப்பார். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அபராதத்தை 250 கோடி வரை உயர்த்தியிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீக்கப்படும். பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்த ஒரு வழியை மூடிவிட்டுத் தண்டத்தை மட்டும் உயர்த்துவது நியாயமாகத் தெரியவில்லை.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு: தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 உத்தரவு இது.

இதைப் படிக்கும் அட்மின்கள் பேக்கப் சர்வரில் கெட்என்ஃபோர்ஸ் என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'டிஸ்ஏபிள்டு' என்று வந்தால் ஒரே தாவலில் என்ஃபோர்ஸிங்குக்குப் போகாதீர்கள். அணைந்திருந்த நாட்களில் உருவான ஃபைல்களுக்கு முத்திரை இருக்காது, மெஷின் பூட் ஆகாமலே நிற்கலாம். முதலில் பெர்மிஸிவில் பூட் செய்து எல்லா ஃபைலுக்கும் முத்திரை இடுங்கள், சில நாள் லாகைப் பாருங்கள், பிறகு என்ஃபோர்ஸிங்குக்கு மாற்றுங்கள்.