மாயர் மட்கலமும் மீன் குறியும்

கொலம்பசு கடல் கடந்து செல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, நடு அமெரிக்காவில் வாழ்ந்த மாயர் மட்கலங்களில் ஓவியம் தீட்டும் கலையிற் சிறந்து விளங்கினர். ஏறத்தாழக் கி. பி. 250 முதல் 900 வரை அவர்தம் கலையின் செழுங்காலமாகும். குயவர் திகிரியை அவர் பயன்படுத்தினாரல்லர். கையாலேயே கலத்தை வனைந்து, நிறமண் குழம்பால் அரசரையும் தெய்வங்களையும் விலங்குகளையும் எழுதிச் சுட்டனர். கலத்தின் விளிம்பையொட்டிச் சிறு வடிவங்கள் ஒரு வரிசையாகச் சூழ்ந்திருக்கும். அவ்வரிசை எதனைக் குறிக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அதனை வெறும் அழகுக் கோலம் எனக் கொண்டாரும் உளர். 1973-இல் மைக்கேல் கோ என்பார், ஒரே வரிசை கலந்தோறும் மீண்டும் வருதலைக் காட்டி, அது பொருளுடைய எழுத்தே என நிறுவினார். இறந்தாரைக் கீழுலகிற்கு வழிவிடுக்கும் பாடலாதல் கூடும் எனவும் கருதினார். முற்கூற்று நிலைத்தது, பிற்கூற்று நிலைக்கவில்லை.

அவ்வரிசையில் மீன் வடிவம் பலகால் வருகின்றது. குறியீடு தேடுவார் அதனை நீரின் அடையாளம் என்றோ கீழுலகின் அடையாளம் என்றோ கொள்ளல் இயல்பே. ஆயின், மாய மொழியில் மீனுக்குக் 'கய்' என்பது பெயர். அதன் முதலொலியாகிய 'க' என்பதற்கே அவ்வடிவம் எழுத்தாயிற்று. டேவிட் ஸ்டூவர்ட் என்னும் அறிஞர் அதனையும் உடன்வரும் குறிகளையும் கூட்டிக் 'கக்கவ்' எனப் படித்தார். அது கொக்கோவைக் குறிக்கும் சொல்லாகும்.

இதற்குச் சான்றும் கிடைத்தது. குவாத்தமாலா நாட்டு ரியோ அசூல் என்னுமிடத்துக் கல்லறை ஒன்றில் 1984-இல் அகழ்ந்தெடுத்த மூடிக்கலத்தில் இச்சொல் எழுதப்பட்டிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த எச்சத்தை ஆய்ந்த வேதியியலார், கொக்கோவிற்குரிய தியோபுரோமின் அதன்கண் உண்மையைக் கண்டனர். எனவே, பெரும்பாலும் அவ்வரிசை, 'இஃது இன்னாரது கொக்கோ பருகும் கலம்' என்னும் உடைமைக் குறிப்பே என்பது தெளிவாயிற்று. சில கலங்களில் ஓவியன் பெயரும் உண்டு.

இதனாற் குறியீடே இல்லையெனல் பொருந்தாது. பிளந்த ஆமையோட்டினின்று சோளக் கடவுள் எழும் ஓவியம், நிலம் பிளந்து பயிர் முளைத்தலைக் குறிப்பதாக அறிஞர் கொள்வர். எழுத்து எது, குறியீடு எது எனப் பகுத்தறிதலே முதற்கடன்.

அதற்குக் கலம் கிடந்த இடமும் அதனுள் எஞ்சிய பொருளும் வேண்டும். களவாக அகழ்ந்து விற்கப்பட்ட மாயர் கலங்கள் மிகப் பல. அவற்றில் ஓவியம் எஞ்சியது. எவர் அருகே, எவற்றோடு வைக்கப்பட்டன என்னும் செய்தியோ மீளாது ஒழிந்தது.