மலையை வரைந்தவர்கள்

மழை கழுவிய காலை வேளையில், பம்பலப்பிட்டியின் உயர்ந்த மாடியொன்றில் நின்று கிழக்கே நோக்கினால் ஒரு கூர்ச்சிகரம் தென்படுவதுண்டு. நம்மில் ஒரு சாரார் அதனைச் சிவனொளிபாதமலை என்கின்றனர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கின்றனர். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா ஏறிய மலை இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைநாட்டை நாடி ஐரோப்பியர் பலர் தூரிகையுடன் வந்தனர். புகைப்படம் அப்போது இருந்தது. ஆயினும் அதற்கு நிறம் இல்லை. பனிமூட்டத்தின் நீலத்தையும் காட்டின் பசுமையையும் வர்ண ஓவியமே காட்ட முடிந்தது. எனவே விஞ்ஞானிகளும் வரையக் கற்றனர். ஜேர்மனிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881இன் இறுதியில் இங்கு வந்தார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமனுடன் ஹோர்ட்டன் சமவெளிக்கும் உலக முடிவுக்கும் சென்றார். இலங்கையில் அவர் தீட்டிய காட்சிகள் பின்னர் நூலாகவும் அச்சேறின. அவருக்கு முன்பே வந்த மரியான் நோர்த் அம்மையார் தாவரங்களையே பெரிதும் வரைந்தார். அவரது 800க்கும் மேற்பட்ட ஓவியங்களைக் கொண்ட கூடம் லண்டன் கியூ பூங்காவில் 1882இல் திறக்கப்பட்டது.

அவ்வாண்டுகள் சாதாரணமானவை அல்ல. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை மலைகளில் பரவிக்கொண்டிருந்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் தேவைப்பட்டது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். மன்னார் வழியே நடந்துவந்த தமிழகத்துத் தொழிலாளர் லயன்களில் நிரந்தரமாகக் குடியமர்ந்தது இம்மாற்றத்தினாலேயே. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் இவர்களின் வழித்தோன்றல்களே.

அக்கால மலைக்காட்சி ஓவியங்களில் பொதுவாக மலையே நாயகன். மனிதர் வந்தாலும் உயரத்தை அளந்து காட்டும் சிறு புள்ளிகளாகவே வருகின்றனர். ஓவியரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அந்த மரபே அத்தகையது. எனினும், ஆளற்ற கானகம் என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளுக்கும் வசதியாக இருந்தது என்பதை மறப்பதற்கில்லை.

விதிவிலக்காக ஒருவரை நாம் குறிப்பிட வேண்டும். களுத்துறையில் மரியான் நோர்த்தை வரவேற்ற ஜூலியா மார்கரெட் கமரூன், புகைப்படக் கலைஞர். அவர் மலையை விட்டு உள்ளூர் மக்களின் முகங்களை நெருங்கிப் படம்பிடித்தார். 1879இல் மலைநாட்டிலேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது படமொன்றில் மூவர் உள்ளனர். 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதே அதன் தலைப்பு. மூவரின் பெயரும் அதில் இல்லை.