லட்ச ரூபாய் சைக்கிள், பாதி விலை

ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே சரியத் தொடங்குகிறது விலை. காரைவிட வேகமாக.

ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கார்பன் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் வெளியே வந்தது. மீதி நாட்களில் வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. ஒரு வருடம் கழித்து விற்கப் போனால்? லட்சம் ரூபாய் கிடைத்தாலே அதிர்ஷ்டம். முதல் வருடத்திலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும், சில சமயம் பாதியே போய்விடும் என்பது பெங்களூர், புனே, சென்னை என்று எந்த ஊர் சைக்கிள் வட்டாரத்திலும் புழங்கும் கணக்கு.

கார் வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர். மோட்டார் இன்ஷூரன்சில் தேய்மானத்துக்கு அட்டவணையே உண்டு: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20. ஐந்தாவது வருடத்தில்தான் அது 50 சதவீதத்தைத் தொடுகிறது. கார் ஐந்து வருடத்தில் இழப்பதை உயர்ரக சைக்கிள் ஒன்றிரண்டு வருடத்தில் இழந்துவிடுகிறது. இத்தனைக்கும் அதில் எஞ்சின் கிடையாது. தேய்வதெல்லாம் செயின், கேசட், டயர், பிரேக் கட்டை. சில ஆயிரங்களில் மாற்றிவிடலாம்.

விலையைத் தின்பது தேய்மானம் அல்ல, சந்தேகம்.

முதல் சந்தேகம், சைக்கிள் யாருடையது என்பது. காருக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. சைக்கிளுக்கு பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த ஒரு எண் மட்டும்தான். அதை எந்த அரசு அலுவலகமும் பதிவு செய்வதில்லை. ஒரு காலத்தில் பல நகராட்சிகள் சைக்கிளுக்கு வருடாந்திர லைசென்ஸ் கொடுத்து வில்லை மாட்டின. வில்லை இல்லாமல் பிடிபட்டால் அபராதம். அந்தத் தொல்லை ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளைக் கைமாற்றும்போது அப்படி ஒரு சாட்சி இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. இன்று அந்த இடத்தில் இருப்பது கடை பில். அது தொலைந்திருந்தால் திருட்டு சைக்கிளோ என்ற பயத்தில் வாங்குபவர் பல ஆயிரங்களைக் குறைத்தே கேட்பார். போதாக்குறைக்கு, ஃபிரேமுக்கான ஆயுட்கால உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. பெயர் மாறினால் அது காலாவதி. அல்லது பெருமளவு சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது சந்தேகம் இன்னும் ஆபத்தானது. இரும்பு நசுங்கினால் தெரியும், அலுமினியம் நெளிந்தால் தெரியும். கார்பன் அப்படியல்ல. பசையில் ஊறிய இழைகள் அடுக்கடுக்காக ஒட்டியது அது. கீழே விழுந்தாலோ, காரின் கேரியரில் அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டினாலோ உள்ளே அடுக்குகள் பிரியலாம். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். நாணயத்தால் தட்டி சத்தம் கேட்டுப் பார்ப்பது ஓரளவே உதவும். உறுதியாகச் சொல்ல அல்ட்ராசவுண்ட் சோதனை வேண்டும். மலை இறக்கத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஃபோர்க் முறிந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. வாங்குபவர் அடித்துப் பேசுகிறார் என்று விற்பவர் முணுமுணுப்பதில் நியாயமில்லை.

ஃபிரேம் நன்றாக இருந்தாலும் பாகங்கள் காலை வாரலாம். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 2023 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 ஸ்பீட் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் ஒட்டுப் பகுதி பிரியக்கூடும், சோதித்துப் பாருங்கள். வட அமெரிக்காவில் மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டியவை சுமார் 7.6 லட்சம். பழைய சைக்கிள் சந்தையில் இன்று கிடைக்கும் உயர்ரகங்கள் பல அந்த வருடங்களில் பிறந்தவைதான்.

பிறகு, மோஸ்தர். 2018ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முறைப்படி அனுமதித்தது. 2021ல் ஷிமானோ தனது மேல்தட்டு கியர் செட்டுகள் இரண்டையும் 12 ஸ்பீட் எலெக்ட்ரானிக்காக மாற்றியது. விளைவு: ரிம் பிரேக் உள்ள, கம்பி இழுத்து கியர் மாற்றும் பிரமாதமான சைக்கிள்கள் ஒரே மூச்சில் கிழடுதட்டின. நந்தி மலை ஏறும் கால்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. விலைக்குத் தெரிகிறது.

கொரோனா காலம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது, கொஞ்ச நாளுக்கு. 2020ல் உலகம் முழுவதும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, பழசுக்குக்கூட போட்டி. உற்பத்தி பெருகி, 2022க்குப் பிறகு கிடங்குகள் நிரம்பி வழிந்தன. வெளிநாடுகளில் புதுசையே தள்ளுபடியில் தள்ளினார்கள். இந்தியர்களும் உதிரிபாகங்கள் தருவித்து வந்த பிரிட்டனின் விக்கிள் நிறுவனம் 2023 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. உச்ச விலையில் வாங்கியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். இந்தியாவில் வரியும் விளையாடியது. 2023 பட்ஜெட் சைக்கிள் இறக்குமதி வரியை 30லிருந்து 35 சதவீதமாக்கியபோது பழசுக்குக் கொஞ்சம் முட்டுக் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22ல் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியதும் முட்டு தளர்ந்தது. புதுசு மலிந்தால் பழசு இன்னும் மலியத்தானே வேண்டும்.

எது விலையைத் தக்கவைத்துக்கொள்கிறது? அதிகம் மாறாதவை. லண்டனில் தயாராகும் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் இதற்கு நல்ல உதாரணம். அடிப்படை வடிவம் எழுபதுகளில் உருவானது. இன்றும் ஏறக்குறைய அதேதான், அதனால் பழசும் நல்ல விலைக்குப் போகிறது. ரோடு சைக்கிள்களில் அலுமினிய ஃபிரேமும் ஷிமானோ 105 போன்ற நடுத்தர கியர் செட்டும் கொண்டவை சுலபமாகக் கைமாறும். அளவும் முக்கியம். சராசரி இந்திய ஆணின் உயரத்துக்கு ஸ்மால், மீடியம் ஃபிரேம்கள்தான் பொருந்தும். எக்ஸ்எல் சைக்கிள் ஆறடி மனிதருக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு சேர்த்த கார்பன் சக்கரங்களுக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் அவற்றைக் கழற்றித் தனியே விற்று, பழைய சக்கரங்களை மாட்டிக் கொடுக்கிறார்கள்.

இந்தச் சரிவில் லாபம் பார்ப்பவர் ஒருவர் உண்டு: இரண்டாவது உரிமையாளர். செங்குத்தான பள்ளத்தை முதலாமவர் தாண்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் ஓட்டி அவர் விற்றாலும் இழப்பு சில ஆயிரங்களில் நிற்கும். ஆனால் ஓடிய கிலோமீட்டரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம். ஊரடங்கில் வீட்டுக்குள் டிரெயினரில் மாட்டி மிதித்த சைக்கிள்கள் சாலையையே பார்த்திருக்காது. டயர் புத்தம்புதிதாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் ஹாண்டில்பார் மீது சொட்டிய வியர்வை ஹெட்செட் பேரிங்கை அரித்திருக்கும். சீட் பில்லர் ஃபிரேமோடு இறுகிப்போயிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மெக்கானிக்கை வைத்து இந்த இரண்டையும் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.