கிணற்று ஆமையும் கடை ஆமையும்

திருமழிசைக்கு அருகே ஒன்றரை ஏக்கரில் கீரையும் கொஞ்சம் நெல்லும் பார்க்கும் வாசகர் ஒருவர், ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், 'பெட்டி ஆமை' ஒரு ஜோடி விலைக்கு வருகிறது என்கிறானாம். அதை வாங்கி வயல் கிணற்றில் விடலாமா? குஞ்சு பொரிக்க வைத்து விற்றால் வருமானம் கிடைக்குமா? தாத்தா காலத்திலிருந்தே அந்தக் கிணற்றில் ஒரு ஆமை இருக்கிறது, அதோடு இது சேருமா? ஆட்டுக்குட்டி வாங்க எடுத்து வைத்த பணத்தை முன்பணமாகக் கொடுக்க ஒரு வாரம்தான் அவகாசம் என்றும் எழுதியிருக்கிறார்.

அவகாசம் குறைவு என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பணம் ஆட்டுக்குட்டிக்கே போகட்டும்.

பெட்டி ஆமை என்று வெளிநாடுகளில் சொல்வது, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் சிறிய ஆமையை. அடி ஓட்டில் கீல் போன்ற அமைப்பு உண்டு. பயந்தால் தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, பெட்டியை மூடுவது போல ஓட்டை மூடிக்கொள்ளும். பெயர் வந்தது அப்படித்தான். இது பெரும்பாலும் தரையில், ஈரமான இலைச் சருகுக்குள் வாழும் ஆமை. ஆழமான நீரில் நன்றாக நீந்தத் தெரியாது. செங்குத்தான சுவருள்ள கிணற்றில் விட்டால் ஏறி உட்கார இடமில்லாமல் களைத்து மூழ்கிவிடும். முதல் கேள்விக்கு இதுவே போதும்.

ஆசியாவிலும் பெட்டி ஆமைகள் உண்டு. நம் நாட்டில் நிக்கோபார் தீவுகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கின்றன. அவை வேறு இனம். திருமழிசைப் பக்கத்து ஏரி குளங்களில் இருக்கும் பாலாமையிடமும் ஏறக்குறைய அதே வித்தை இருக்கிறது. அதன் முன்பக்க அடித்தட்டு மடங்கி மூடும். பின்னங்கால்களை மூட இரண்டு பக்கமும் மடல் போன்ற தோல் மடிப்புகள் உண்டு. நம் ஊர்ப் பெட்டி ஆமை என்று அதைச் சொன்னால் தப்பில்லை.

<b>கணக்குப் போட்டுப் பார்த்தால்</b>

குஞ்சு பொரித்து விற்பது என்ற யோசனைதான் பலரையும் இழுக்கிறது. காடை ஆறு ஏழு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். வெள்ளாடு ஐந்து மாதம் சினை சுமந்து குட்டி போடும். அமெரிக்கப் பெட்டி ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து முட்டைதான். பொரிக்க இரண்டரை, மூன்று மாதம். குஞ்சு மறுபடி முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள் பத்தாம் வகுப்புப் பையன் வேலைக்கே போய்விடுவான்.

'ஜோடி' என்று விற்பதிலும் ஒரு சூது இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் ஆணா பெண்ணா என்று வெளிப்பார்வையில் யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த ஆணுக்கு வால் தடிமனாக இருக்கும், அடி ஓடு உள்வாங்கியிருக்கும். அந்த அடையாளங்கள் தெரியப் பல ஆண்டு பிடிக்கும். நிஜமாகவே ஜோடியாக அமைந்தாலும், சிறிய அடைப்பில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் எப்போதும் ஒன்றாக இருந்தால் ஆண் பெண்ணைக் கடித்து விரட்டிக்கொண்டே இருக்கும். பெண் தீனி எடுக்காமல் இளைத்துப் போகும். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டை. வளர்த்துப் பழகியவர்கள் ஆணைத் தனியே வைத்து இணைசேரும் நாட்களில் மட்டும் விடுவார்கள். ஒரு தடவை இணை சேர்ந்த பெண், அந்த விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து நான்கு ஆண்டு வரைகூடக் கருவுள்ள முட்டையிட முடியும் என்பதால் அவசரமும் இல்லை.

வெயில் இன்னொரு சிக்கல். இந்த ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. குளிர்ச்சியான மண்ணில் ஆண், சூடான மண்ணில் பெண். சூடு மேலும் கூடினால் கரு செத்துவிடும். பனிக்காலத்தில் மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கிப் பழகிய பிராணி இது. மே மாதம் 40 டிகிரியைத் தொடும் சென்னைப் புறநகரில் அதற்கு எந்த மண்ணைக் காட்டுவது?

<b>அமீனா வரும் வழி</b>

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அது ஆமை அல்ல, பூஞ்சையைக் குறிக்கும் 'ஆம்பி' என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், இன்றைய சட்டப்படி தவறான ஆமை வீட்டுக்குள் வந்தால் பின்னாலேயே அதிகாரியும் வர வாய்ப்புண்டு.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பாலாமையும் நட்சத்திர ஆமையும் அதன் முதல் பட்டியலில் உள்ளவை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வெளிநாட்டுப் பெட்டி ஆமை நான்காம் பட்டியலில் வரும். அதை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டாலே பாதி வியாபாரம் அங்கேயே நின்றுவிடும்.

கடையில் பெட்டி ஆமை என்று காட்டுவது பல நேரம் பெட்டி ஆமையே இல்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சைக் குஞ்சாக இருக்கும். அது சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் திருச்சி விமான நிலையத்தில், மலேசியாவிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் இருந்து 6,000-க்கும் மேற்பட்ட இந்தக் குஞ்சுகளைச் சுங்கத்துறை பிடித்தது. சந்தைக்கு எந்த வழியாக வருகிறது என்பதற்கு அது ஒன்றே போதும்.

இந்தக் குஞ்சு ஒரு அடி நீளம் வரை வளரும். தொட்டி போதாமல் போனதும் வாங்கியவர் கொண்டுபோய் ஏரியில் விடுகிறார். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியைத் தடை செய்தது. கேரளத்தில் திருச்சூர் பக்கம் கால்வாயில் 2018-இல் தென்பட்ட பிறகு, அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத் தேடிச் சேகரிக்க வேண்டியதாயிற்று. திருமழிசைக்கு வடக்கே கூவம், தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. ஐப்பசி மழையில் குட்டையும் கால்வாயும் ஒன்றாகிவிடும் பூமி இது. ஒரு கிணற்றில் விட்டது ஒரு கிணற்றோடு நிற்கும் என்று நினைக்க முடியாது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு எந்த நோயும் தெரியாது, தொட்ட குழந்தைக்குப் பேதியும் காய்ச்சலும் வரும். பிள்ளைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதற்காகவே, நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடக் கூடாது. தனித் தொட்டியில் வைத்து, அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் வன அலுவலகத்தில் கேட்டு ஒப்படைக்கலாம்.

பிராணி வளர்த்து விற்கும் ஆசை மகனுக்கு உண்மையிலேயே இருந்தால், அம்பத்தூரைத் தாண்டினால் கொளத்தூர். வண்ண மீன் உற்பத்தியில் பேர் பெற்ற இடம். கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்கள் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். இரண்டு சிமெண்ட் தொட்டியில் பழகிப் பார்க்கலாம். நஷ்டம் வந்தாலும் சில நூறு ரூபாயோடு போகும்.

<b>தாத்தா காலத்து ஆமை</b>

கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பது பல ஊர்களில் உள்ள பழைய நம்பிக்கை. புழு பூச்சியையும் செத்துக் கிடப்பதையும் அது தின்னும் என்பது உண்மைதான். அதன் கழிவும் அதே தண்ணீரில்தான் சேருகிறது என்பதும் உண்மை. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சியோ குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும். இனிமேல் ஏரியிலிருந்து பிடித்து வந்து கிணற்றில் விடுவது சட்டப்படியும் சரியல்ல.

ஏரிக்கரையிலும் வயலிலும் இருக்கும் பாலாமையின் வேலை வேறு. நத்தை, பூச்சி, செத்த மீன் எல்லாம் தின்னும். மாடுகளுக்குக் கல்லீரல் தட்டைப்புழு நத்தை வழியாகத்தான் வருகிறது என்பது கால்நடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆமை ஒன்றே அந்த நோயை நிறுத்திவிடாது, ஆனால் நத்தை தின்னும் பிராணியை விரட்டுவதில் லாபம் ஒன்றும் இல்லை. கோடையில் குட்டை வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். தூர் வாரும்போது மண்வெட்டிக்குத் தட்டுப்படுவது பெரும்பாலும் அப்படித்தான். எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாமல், பக்கத்திலேயே ஈரமான நிழலில் விட்டுவிட வேண்டும். இரவு முழுக்க வலை கட்டி வைத்தால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் அது செத்துவிடும் என்பதால், வலையை அடிக்கடி பார்ப்பதும் நல்லது.

வரப்பு வெட்டும்போது உருண்டையாக வெள்ளை முட்டைகள் தென்பட்டால் பாம்பு முட்டை என்று நசுக்கிவிடுகிறார்கள். பாம்பு முட்டை பொதுவாக நீண்டு, தோல் போல மெத்தென்று இருக்கும். பாலாமையின் முட்டை பந்து போல, ஓடு கெட்டியாக இருக்கும். மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்துதான் பொரியும். புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி மண்ணைப் போட்டு மூடிவிட்டு, அந்த ஒரு முழம் வரப்பை அந்தப் பருவத்துக்கு வெட்டாமல் விடலாம்.

வாசகரின் கிணற்றில் இருக்கும் பழைய ஆமை எந்த இனம் என்பதை ஒரு படம் எடுத்து வன அலுவலகத்தில் காட்டித் தெரிந்துகொள்ளலாம். அதை எடுத்து வேறிடத்தில் விடுவதா, அங்கேயே விடுவதா என்பதையும் அவர்களே சொல்லட்டும். அதுவரை அது ஏறி வெயில் காய, கிணற்றுக்குள் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டால் போதும்.